கரண்டுக்கும் கணக்கு நோட்டு: ஸ்மார்ட் கிரிட் பற்றித் தெரிஞ்சுக்குவோம்



எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கம் உள்ள உறுப்பினர்களுக்கு அனல்மின் நிலையம் புதுசு இல்லை. எண்ணூரில் 1970-ல் தொடங்கிய நிலையம் 2017 மார்ச்சில் மூடப்பட்டது. அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் 1994-ல் உற்பத்தியைத் தொடங்கியது. நிலக்கரி எரிவது நம்ம பக்கம். சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் கலந்து, மீன், இறால் பிடிக்கும் குடும்பங்களின் பிழைப்பைக் கெடுத்திருக்கிறது. ஆனாலும் கரண்ட் போனால் நாமும் இருட்டில்தான் உட்காருகிறோம். இது ஏன்? இதை மாற்ற முடியுமா?

மின் தொகுப்பு என்றால் என்ன?

மின் நிலையம், உயர் அழுத்தக் கம்பி, துணை மின் நிலையம், தெரு டிரான்ஸ்பார்மர், வீட்டு மீட்டர் எல்லாம் சேர்ந்ததுதான் மின் தொகுப்பு. பக்கத்து நிலையத்து கரண்ட் நேராக நம் வீட்டுக்கு வராது. பொதுத் தொகுப்பில் கலந்துதான் வரும்.

குழுச் சேமிப்பை வங்கியில் போட்டு வைக்கலாம். மின்சாரத்தைப் பெரிய அளவில் சேர்த்து வைப்பது அவ்வளவு சுலபம் இல்லை. எந்த நொடியில் எவ்வளவு செலவோ, அந்த நொடியில் அவ்வளவு உற்பத்தி வேண்டும். வரவும் செலவும் ஒத்துப் போகாவிட்டால் தொகுப்பே விழுந்துவிடும். 2012 ஜூலை 31 அன்று வடக்கு, கிழக்கு மாநிலங்களில் இப்படித்தான் ஆச்சு. 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதிகளில் கரண்ட் இல்லை. அப்போது தென்னகத் தொகுப்பு தனியாக இருந்ததால் நாம் தப்பித்தோம். 2013 டிசம்பர் 31 முதல் நாமும் அதே தொகுப்பில் சேர்ந்துவிட்டோம்.

2024 செப்டம்பர் 12 இரவு மணலி துணை மின் நிலையத்தில் தீப்பிடித்தது. சென்னையின் பல பகுதிகள் இருண்டு போயின. ஒரு இடத்தில் பழுது வந்தால் உடனே வேறு வழியில் கரண்ட் கொடுக்கத் தொகுப்புக்குத் தெரியணும்.

ஸ்மார்ட் கிரிட் என்ன செய்யும்?

பழைய முறையில் கம்பியில் கரண்ட் மட்டும் போகும். ஸ்மார்ட் கிரிட்டில் தகவலும் சேர்ந்து போகும், திரும்பியும் வரும்.

1. எந்த டிரான்ஸ்பார்மரில் சுமை அதிகம், எங்கே பழுது என்று ஆபீசுக்கே தெரியும். லைன்மேன் கம்பம் கம்பமாகத் தேட வேண்டியதில்லை.

2. வீட்டு மீட்டர் தானாகவே கணக்கை அனுப்பும். ரீடிங் எடுக்க ஆள் தாமதமாக வந்து, யூனிட் கூடி, பில் எகிறும் தொல்லை குறையும்.

3. சூரிய மின்சாரம் பகலில்தான். காற்றாலை மின்சாரம் மே முதல் செப்டம்பர் வரைதான் அதிகம். இந்த ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்க நொடிக்கு நொடி தகவல் வேண்டும். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. வெயிலையும் காற்றையும் முழுசாகப் பயன்படுத்தினால் நிலக்கரி எரிப்பதைக் குறைக்கலாம். நம்ம பக்கத்துக்கு உண்மையான லாபம் இதுதான்.

கவனமாக இருக்க வேண்டியவை

மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டுத் திட்டம் நாடு முழுவதும் 25 கோடி பிரீபெய்டு ஸ்மார்ட் மீட்டர் பொருத்த இலக்கு வைத்தது. சென்னை தியாகராய நகரில் முன்னோட்டமாக ஸ்மார்ட் மீட்டர்கள் பொருத்தப்பட்டன.

பிரீபெய்டு என்றால் செல்போன் மாதிரி முதலில் பணம், பிறகு கரண்ட். கூலி வேலை இல்லாத வாரத்தில் பணம் தீர்ந்தால் என்ன செய்வது? மீட்டர் வரும் முன்பே இதைக் கேட்கணும்.

நேரத்துக்கு ஒரு விலையும் வரலாம். 2023-ஆம் ஆண்டு மத்திய விதிகளின்படி, வெயில் நேரத்தில் விலை குறைந்தது 20 சதவீதம் குறைவு. தேவை உச்சத்தில் இருக்கும் நேரத்தில் கூடுதல். இதை நடைமுறைப்படுத்துவது மாநில ஒழுங்குமுறை ஆணையத்தின் பொறுப்பு. மாவு அரைக்கும் குழு மதியம் அரைத்தால் லாபம். ஆனால் ராத்திரிச் சமையலை மதியத்துக்குத் தள்ள முடியுமா?

உங்கள் உரிமையையும் தெரிஞ்சுக்கங்க. ஸ்மார்ட் மீட்டர் கணக்கைத் தினமும் நமக்குக் காட்ட வேண்டும். ரீடிங் தப்பு என்று புகார் கொடுத்தால், 5 நாளுக்குள் கூடுதல் மீட்டர் ஒன்று வைத்து, குறைந்தது 3 மாதம் ஒப்பிட்டுப் பார்க்கணும். இது 2024 பிப்ரவரியில் வந்த விதி.

வீட்டு மீட்டரை மட்டும் மாற்றினால் அது ஸ்மார்ட் கிரிட் ஆகாது. டிரான்ஸ்பார்மரும் துணை மின் நிலையமும் சேர்ந்து மாறணும்.

அடுத்த கூட்டத்துக்குள் செய்ய வேண்டியது

• 7 நாள், தினமும் ஒரே நேரத்தில் மீட்டர் ரீடிங்கை நோட்டில் எழுதுங்கள்.

• கரண்ட் போன நேரம், வந்த நேரம் இரண்டையும் குறியுங்கள்.

• எந்தப் பொருளை மதியத்துக்கு மாற்றி ஓட்டலாம் என்று குழுவில் பேசுங்கள்.

பாஸ்புக் படிக்கக் கற்றுக்கொண்ட நமக்கு மீட்டர் படிப்பது பெரிய விஷயமா?