மின்சாரத்துக்கும் பூட்டு வேண்டும்: ராமநாதபுரம் கரையில் ஒரு சைபர் பாதுகாப்புப் பாடம்

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் என்ன செய்யணும் என்று ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரை பக்கத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். படகைப் பத்திரப்படுத்தணும், போனுக்கு சார்ஜ் போட்டு வைக்கணும், குடத்தில் தண்ணீர் பிடிச்சு வைக்கணும். ஆனால் கரண்டை நிறுத்தக்கூடிய இன்னொரு ஆபத்துக்குக் கூண்டு ஏறாது. அது கடல் வழியாக வராது. ஒரு சாதாரண மின்னஞ்சல் வழியாகக்கூட வரலாம்.

அது எப்படி வருகிறது, தடுக்க என்ன ஏற்பாடு இருக்கிறது, நாம் என்ன செய்யலாம் என்பதை இந்தக் கட்டுரையில் எளிமையாகப் பார்ப்போம்.

கம்பிக்குப் பின்னால் கம்ப்யூட்டர்

மின்துறையில் இரண்டு வகை கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. ஒன்று அலுவலகத்தில் பில் போட, புகார் பதிய, மின்னஞ்சல் பார்க்க உதவுவது. இன்னொன்று துணை மின்நிலையத்தில் பிரேக்கரைத் திறக்க, மூட, மின் அளவைக் கண்காணிக்க உதவுவது. முதலாவது கெட்டால் பில் தாமதமாகும். இரண்டாவது தவறானவர் கைக்குப் போனால் ஊரே இருட்டாகும்.

நம் மாவட்டத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. கரண்ட் இல்லையென்றால் ஐஸ் பிளான்ட் நிற்கும், பிடித்து வந்த மீன் கெடும். இறால் பண்ணையில் காற்றுச் சக்கரம் நின்றால் இறால் மூச்சுத் திணறிச் சாகும். குடிநீர் ஏற்றும் மோட்டாரும் ஓடாது. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் இருப்பதால், நம் மாவட்டம் மின்சாரத்தைப் பயன்படுத்துவதோடு நிற்காமல் உற்பத்தியும் செய்கிறது.

உண்மையில் நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைன் நாட்டில் 3 மின் விநியோக நிறுவனங்கள் ஒரே நேரத்தில் தாக்கப்பட்டன. சுமார் 2,25,000 நுகர்வோருக்குச் சில மணி நேரம் மின்சாரம் இல்லை.

திருடர்கள் அன்றைக்குத்தான் உள்ளே வந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். பல மாதங்களுக்கு முன்பே, அலுவலக ஊழியர்களுக்கு வந்த மின்னஞ்சலில் ஒரு கோப்பு இணைக்கப்பட்டிருந்தது. அதைத் திறந்ததும் கெட்ட மென்பொருள் உள்ளே இறங்கியது. கடவுச்சொற்களை மெதுவாகச் சேகரித்து, கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர் வரை போய்விட்டார்கள். மக்கள் புகார் சொல்ல முடியாதபடி வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கும் போலி அழைப்புகளைக் குவித்தார்கள்.

மீண்டது எப்படி? ஊழியர்கள் வண்டி எடுத்துக்கொண்டு துணை மின்நிலையங்களுக்கு நேரில் போய், பிரேக்கர்களைக் கையால் இயக்கினார்கள். கையால் இயக்கத் தெரிந்த ஆள் இருந்ததால்தான் சில மணி நேரத்தில் விளக்கு எரிந்தது.

நம் பக்கத்திலேயே ஒரு உதாரணம் உண்டு. கூடங்குளம் அணுமின் நிலையத்தில், நிர்வாகப் பணிக்கான இணைய இணைப்புள்ள ஒரு கம்ப்யூட்டரில் கெட்ட மென்பொருள் புகுந்ததை 2019 அக்டோபரில் இந்திய அணுமின் கழகம் உறுதிசெய்தது. கட்டுப்பாட்டு அமைப்பு தனியாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்ததால் அதற்குப் பாதிப்பில்லை என்றும் தெரிவித்தது. 'தனியாகப் பிரித்து வைப்பது' என்பதுதான் இங்கே முக்கியமான பாடம்.

பணம் எங்கிருந்து வரும்?

பாதுகாப்புக்குக் கருவி வேண்டும், நிபுணர் வேண்டும், பயிற்சி வேண்டும். எல்லாமே செலவு. சின்ன நிறுவனங்களால் தாங்க முடியாது. அமெரிக்காவில் கிராமப்புற மின் கூட்டுறவுகளும் நகராட்சி மின் நிறுவனங்களும் நிறைய உண்டு. அவற்றின் சைபர் பாதுகாப்புக்கென்றே 2021-ல் நிறைவேறிய சட்டத்தின் கீழ் 5 ஆண்டுகளுக்கு 25 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் தனி மின் நிறுவனம் கிடையாது. தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம்தான் மாநிலம் முழுக்க. இதில் ஒரு நன்மை: திருவாடானைக்கும் சென்னைக்கும் ஒரே பாதுகாப்பு ஏற்பாட்டைச் செய்ய முடியும். ஒரு கவனமும் தேவை: எல்லாம் ஒரே வலைப்பின்னல் என்றால், ஒரு சின்னப் பிரிவு அலுவலகத்தின் ஓட்டை எல்லோருக்கும் ஓட்டை.

மத்திய அரசு 2021-ல் தொடங்கிய மறுசீரமைக்கப்பட்ட மின் விநியோகத் திட்டத்தின் மொத்த மதிப்பு 3,03,758 கோடி ரூபாய். இதில் 97,631 கோடி மத்திய அரசின் நிதி. சிறப்புப் பிரிவில் வராத மாநிலங்களுக்கு ஸ்மார்ட் மீட்டர் ஒன்றுக்குச் செலவில் 15 சதவீதம் அல்லது 900 ரூபாய், எது குறைவோ அது மானியம். மின்பாதை, துணை மின்நிலையம் போன்ற கட்டமைப்புப் பணிகளுக்கு 60 சதவீதம் வரை கிடைக்கும்.

ஆனால் மானியத்தில் மீட்டரும் கருவியும் வாங்கிவிட்டு, பூட்டை மறந்துவிட்டால் என்ன பயன்? வீடு கட்டும் மதிப்பீட்டிலேயே கதவும் தாழ்ப்பாளும் சேர்வது போல, பாதுகாப்புச் செலவும் முதல் மதிப்பீட்டிலேயே சேர வேண்டும். கருவி ஒரு முறை வாங்குவது. பயிற்சியும் தணிக்கையும் வருடா வருடம் தேவைப்படுபவை.

விதிகள் என்ன சொல்கின்றன?

• மத்திய மின்சார ஆணையம் 2021 அக்டோபரில் மின்துறைக்கான சைபர் பாதுகாப்பு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. மின் கட்டுப்பாட்டு அமைப்பை இணையத்திலிருந்து முழுமையாகப் பிரித்து வைக்கணும். இணைய இணைப்புள்ள கம்ப்யூட்டர் தனி அறையில் இருக்கணும். அதிலிருந்து தகவல் எடுக்க, அனுமதி பெற்ற கருவியை மட்டும், அதையும் சோதித்த பிறகே பயன்படுத்தணும். கண்ட பென் டிரைவைச் செருகக் கூடாது.

• ஒவ்வொரு மின் நிறுவனத்திலும் தகவல் பாதுகாப்புக்குப் பொறுப்பான ஓர் உயர் அதிகாரி இருக்கணும்.

• தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்கணும். இது 2022 ஏப்ரலில் வெளியான உத்தரவு.

• தமிழ்நாடு அரசும் 2020-ல் தனி சைபர் பாதுகாப்புக் கொள்கையை வெளியிட்டது.

சரி, நாம் என்ன செய்யணும்?

1. 'இன்று இரவு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணை அழையுங்கள்' என்று குறுஞ்செய்தி வந்தால் அழைக்காதீர்கள். பில் கட்டியாச்சா என்பதை அதிகாரப்பூர்வ செயலியிலோ, பிரிவு அலுவலகத்திலோ பாருங்கள்.

2. போனில் பேசுபவர் 'எனிடெஸ்க்', 'டீம்வியூவர்' போன்ற செயலியை இறக்கச் சொன்னால் அழைப்பைத் துண்டியுங்கள். அதை இறக்கி அனுமதி கொடுத்தால், உங்கள் திரையில் தெரிவதெல்லாம் அவருக்கும் தெரியும். ஓடிபி உட்பட.

3. மாடியில் சோலார் போட்டிருக்கிறீர்களா? 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மத்திய மானியம் கிடைப்பதால் பலர் போடுகிறார்கள். இன்வெர்ட்டர் வைஃபையில் இணைந்திருந்தால், கம்பெனி வைத்த கடவுச்சொல்லை உடனே மாற்றச் சொல்லுங்கள். பொருத்த வந்தவரே வைத்த சொல்லும் வேண்டாம்.

4. மின்தடை, மீட்டர் கோளாறு என்றால் 'மின்னகம்' எண் 94987 94987-ஐ போனில் இப்போதே பதிந்து வையுங்கள். இணையத்தில் தேடிக் கிடைக்கும் எண்ணை நம்பாதீர்கள்.

5. பணம் போய்விட்டதா? யோசித்துக்கொண்டு இருக்காமல் உடனே 1930-ஐ அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு அதிகம்.

வீட்டில் வயதானவர்கள் போன் வைத்திருந்தால், இந்த ஐந்தையும் அவர்களுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். மிரட்டும் குறுஞ்செய்தியைப் பார்த்து முதலில் பதறுவது பெரும்பாலும் அவர்கள்தான்.