சிறைவாசம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஹைதராபாத்தில் இரண்டு மத்தியச் சிறைகள் உள்ளன. சஞ்சல்குடா சிறை நிஜாம் ஆட்சியில், 1876இல் கட்டப்பட்டது. செர்லபள்ளி சிறை பிற்காலத்தில் எழுந்தது. பெண்களுக்கான தனிச்சிறை சஞ்சல்குடாவிலும், கைதிகள் விவசாயம் செய்யும் திறந்தவெளிச் சிறை செர்லபள்ளியிலும் இயங்குகின்றன. சிறை வாழ்க்கையைப் பற்றி வெளியே நிலவும் எண்ணங்களில் பலவும் திரைப்படங்கள் தந்தவை.

நம்பிக்கை: சிறையில் இருப்பவர்கள் எல்லோரும் குற்றவாளிகள்.

உண்மை: தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி, இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேருக்கு இன்னும் தீர்ப்பே வரவில்லை. 4,36,266 பேருக்கான இடத்தில்தான் அத்தனை பேரும் அடைக்கப்பட்டிருந்தனர். தெலங்கானாவிலும் தமிழ்நாட்டிலும் மொத்தக் கொள்ளளவுக்குள்ளேயே கைதிகளின் எண்ணிக்கை இருந்தது. நெரிசலுக்கு முதன்மைக் காரணம் ஜாமீனும் விசாரணையும் தாமதமாவதே.

நம்பிக்கை: சிறைக்குப் போனவருக்கு எந்த உரிமையும் கிடையாது.

உண்மை: தண்டனை பறிப்பது நடமாடும் சுதந்திரத்தை; உயிர்வாழும் உரிமையை அல்ல. விசாகப்பட்டினம் மத்தியச் சிறைக் கைதிகள் தொடுத்த வழக்கில், தண்டிக்கப்பட்டதாலேயே ஒருவர் அடிப்படை உரிமைகள் அனைத்தையும் இழப்பதில்லை என்று உச்ச நீதிமன்றம் 1974இல் கூறியது. 1977இல் கர்னூல் மாவட்டம் கோயில்குண்ட்லா கிளைச் சிறையில் வெளியாட்கள் குண்டு வீசியதில் விசாரணைக் கைதி ஒருவர் இறந்தார். காவலில் இருப்பவரைப் பாதுகாக்கத் தவறிய அரசு இழப்பீடு தர வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 2000இல் உறுதி செய்தது.

நம்பிக்கை: சிறைக்குள் வரும் நோய் சிறையோடு முடிந்துவிடும்.

உண்மை: நோய்க்கு மதில் கிடையாது. காற்றோட்டம் குறைந்த அறையில் பலர் நெருங்கிப் படுப்பதால், காசநோய் வெளியுலகைவிடச் சிறையில் பல மடங்கு அதிகமாகக் காணப்படுகிறது. காவலர்கள், விடுதலையாகும் கைதிகள் வழியாக அது ஊருக்குள்ளும் வரும். இதனால்தான் உள்ளே வரும்போதே மருத்துவப் பரிசோதனை செய்வது கட்டாயம். சிறை மருத்துவமனையில் பார்க்க முடியாத நோயாளிகள் உஸ்மானியா அரசு மருத்துவமனைக்கும், மனநோய் உள்ளவர்கள் எர்ரகட்டா மனநல மருத்துவமனைக்கும் அனுப்பப்படுகிறார்கள். சிகிச்சையின் பாதியில் விடுதலையாகிறவர் மாத்திரையைத் தொடராவிட்டால், மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் உருவாகும் அபாயம் உண்டு.

நம்பிக்கை: தாயோடு இருக்கும் குழந்தையும் கைதிதான்.

உண்மை: ஆந்திரப் பிரதேச அரசை எதிர்வாதியாகக் கொண்ட ஒரு வழக்கில் அந்தக் குழந்தையைக் கைதியாக நடத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2006இல் விதிமுறைகள் வகுத்தது. ஆறு வயது வரை குழந்தை தாயுடன் இருக்கலாம். அதற்குச் சத்துணவும் மருத்துவமும் கல்வியும் தர வேண்டும். பிரசவத்தை இயன்றவரை வெளி மருத்துவமனையில் நடத்த வேண்டும். சிறையில் பிறந்தாலும், பிறப்புச் சான்றிதழில் சிறையைப் பிறந்த இடமாகக் குறிப்பிடக் கூடாது.

நம்பிக்கை: ஆயுள் தண்டனை என்றால் 14 ஆண்டு, அதிலும் பகல் ஒரு நாள், இரவு ஒரு நாள்.

உண்மை: சிறையிலும் ஒரு நாளைக்கு 24 மணி நேரம்தான். ஆயுள் தண்டனை என்பது வாழ்நாள் முழுவதும் என்று உச்ச நீதிமன்றம் 1961இலேயே தெளிவாக்கிவிட்டது. மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்றவரை 14 ஆண்டுகள் முடியும் முன் தண்டனைக் குறைப்பின் பேரில் விடுவிக்கக் கூடாது என்று 1978இல் சட்டத் திருத்தம் வந்தது. அந்தக் கீழ்வரம்பே நாளடைவில் தண்டனைக் காலமாகப் புரிந்துகொள்ளப்பட்டது. நன்னடத்தைக்காக முன்கூட்டி விடுவிப்பது அரசின் முடிவு. தெலங்கானா அரசு 2024 ஜூலையில் 213 பேரை அவ்வாறு விடுவித்தது.

நம்பிக்கை: சிறையில் கற்கும் வேலையால் பயன் இல்லை.

உண்மை: தெலங்கானா சிறைகளில் செய்யப்படும் மேசை, நாற்காலி, சோப்பு, பேக்கரிப் பண்டங்கள் ‘மை நேஷன்’ என்ற பெயரில் விற்பனையாகின்றன. சிறைத்துறை பெட்ரோல் பங்க்குகளையும் நடத்துகிறது. விடுதலையான சிலருக்கு முதல் வேலை அங்கேயே கிடைக்கிறது. தமிழ்நாட்டில் புழல் சிறைக்கும் இத்தகைய பெட்ரோல் பங்க் உண்டு. கைதியின் உழைப்புக்கு நியாயமான கூலி தர வேண்டும், அதில் ஒரு பகுதி குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்குச் சேர வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 1998ஆம் ஆண்டுத் தீர்ப்பு. எழுத்தறிவு வகுப்புகளும் அம்பேத்கர் திறந்தநிலைப் பல்கலைக்கழகப் படிப்பும் சிறைக்குள்ளேயே கிடைக்கின்றன.

நம்பிக்கை: வக்கீலுக்குப் பணம் இல்லாதவர் உள்ளேயே கிடக்க வேண்டியதுதான்.

உண்மை: காவலில் உள்ள எவருக்கும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச வழக்கறிஞர் பெற உரிமை உண்டு. இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாத விசாரணைக் கைதி, அக்குற்றத்துக்கான உச்சபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்துவிட்டால் ஜாமீன் பெறலாம் என்கிறது 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சட்டம். மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், பல வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. உறவினர் சிறையில் இருந்தால், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்; 15100 என்ற எண்ணிலும் உதவி கேட்கலாம்.