நெடுநாள் நின்ற மோட்டார் சைக்கிள்: மின்கோளாறைக் கண்டறியும் முறை

நம் நாட்டின் கிராமப்புறப் பணிகளில் மோட்டார் சைக்கிளுக்குத் தனி இடம் உண்டு. வேளாண் விரிவாக்க அலுவலர், கால்நடை மருத்துவ ஊழியர், தடுப்பூசிப் பெட்டியைச் சுமந்து செல்லும் சுகாதாரப் பணியாளர் ஆகியோர் பேருந்து எட்டாத ஊர்களுக்குச் செல்ல அதையே நம்பியுள்ளனர். வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய பணியும் நின்றுவிடுகிறது.

2020 மார்ச் 25 முதல் மே 31 வரை 68 நாட்கள் நாடெங்கும் ஊரடங்கு நிலவியது. அதன் முடிவில் வண்டியை வெளியே எடுத்த பலர், பொத்தானை அழுத்தியும் எஞ்சின் புறப்படாமல் திகைத்தனர். ஊரடங்கு இல்லாத காலத்திலும் லடாக்கின் குளிர்காலம், கொங்கணக் கரையின் அடைமழை, ஊழியரின் நீண்ட விடுப்பு, நிரப்பப்படாத பணியிடம் ஆகியவற்றால் வண்டிகள் மாதக்கணக்கில் நிற்பதுண்டு. இத்தகைய வண்டியில் கோளாறு பெரும்பாலும் சிறியதே. அதைத் தேடும் வரிசை தவறுவதால்தான் செலவு பெருகுகிறது.

நிற்கும் வண்டியில் நிகழ்வது என்ன?

பேட்டரி பயன்படுத்தப்படாமல் இருந்தாலும் தன் மின்னூட்டத்தைச் சிறிது சிறிதாக இழக்கிறது. வெப்பம் கூடக்கூட இவ்விழப்பு விரைவுபடுகிறது. ஆகவே இராஜஸ்தானத்துக் கோடையில் தகரக் கொட்டகையில் நிற்கும் வண்டியின் பேட்டரி, மலைநாட்டில் நிற்பதைவிட முன்னதாகவே தளர்ந்துவிடும்.

சாவியை அணைத்த பின்னும் கடிகாரம், திருட்டு எச்சரிக்கைக் கருவி, எஞ்சின் கட்டுப்பாட்டுக் கருவி போன்றவை சிறிதளவு மின்சாரத்தை உண்பதுண்டு. அது 2 மில்லி ஆம்பியர் என்றே கொள்வோம். 60 நாட்களில், அதாவது 1,440 மணி நேரத்தில், 2.88 ஆம்பியர் மணி செலவாகிவிடும். 5 ஆம்பியர் மணித் திறனுள்ள பேட்டரியில் இது பாதிக்கும் அதிகம்.

மின்னூட்டம் குறைந்த பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் கடினப் படிகமாக இறுகுகிறது. நாட்பட்டால் அது மீண்டும் கரைவதில்லை. குளிர் நாட்டிலோ வேறோர் ஆபத்தும் உண்டு. முழு மின்னூட்டத்தில் உள்ள பேட்டரியின் அமிலம் மைனஸ் 50 டிகிரி செல்சியஸிலும் உறைவதில்லை. வெறுமையான பேட்டரியோ மைனஸ் 10 டிகிரியை ஒட்டியே உறைந்து வெடிப்புறக்கூடும். லே நகரின் சனவரி இரவுகளில் இந்த அளவுக்கும் கீழே குளிர் இறங்குவது வழக்கம்.

ஈரக்காற்று இணைப்புகளில் பச்சையும் வெண்மையுமான களிம்பைப் படியவைக்கிறது. எலிகள் வயர்களைக் கடித்துவிடுகின்றன.

முதல் அளவீடு

எந்தப் பாகத்தையும் கழற்றுமுன் பேட்டரியின் மின்னழுத்தத்தை அளத்தல் வேண்டும். இதற்கு விலை குறைந்த மல்டிமீட்டர் ஒன்று போதும். 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி ஓய்வு நிலையில் 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் காட்டினால் அது நிறைவாக உள்ளது. 12 வோல்ட்டுக்குக் கீழே சென்றால் ஏறத்தாழ வெறுமையாகிவிட்டது எனலாம்.

ஓய்வு நிலை அளவு மட்டும் போதாது. தொடக்கப் பொத்தானை அழுத்தியபடியே மீண்டும் அளக்க வேண்டும். அப்போது மின்னழுத்தம் 9.5 வோல்ட்டுக்கும் கீழே சரிந்தால், அது முன்னர் 12.6 காட்டியிருந்தாலும் பேட்டரி நலிந்துவிட்டதென்றே ஐயுற வேண்டும்.

அறிகுறிகளும் காரணங்களும்

1. சாவியைத் திருப்பியும் விளக்கு எதுவும் எரியவில்லை: முதன்மைப் பியூஸ், பேட்டரி முனைகள், சாவி சுவிட்ச் ஆகியவற்றை இதே வரிசையில் பார்க்க வேண்டும். பேட்டரி அடியோடு வெறுமையாகியும் இருக்கலாம்.

2. விளக்கு எரிகிறது, பொத்தானை அழுத்தினால் மங்கி, ‘டக் டக்’ என்ற ஒலி தொடர்ந்து எழுகிறது: பேட்டரி தளர்ந்துள்ளது அல்லது அதன் முனைகளில் களிம்பு உள்ளது.

3. விளக்கு மங்கவில்லை, ஒலியும் இல்லை: கைப்பிடியிலுள்ள நிறுத்து சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், பக்கத் தாங்கி சுவிட்ச், பொத்தானின் உட்தொடர்பு ஆகியவற்றை ஆராய வேண்டும். பாதுகாப்புக்காக அமைந்த இச்சுவிட்சுகளில் ஒன்று துருப்பிடித்தாலும் ரிலேக்கு மின்சாரம் செல்லாது.

4. ஒரே ஒருமுறை ‘டக்’ என்கிறது. மோட்டார் சுழலவில்லை: ரிலேயின் உட்தொடர்பு தேய்ந்திருக்கலாம். அல்லது தொடக்க மோட்டாரின் கார்பன் சிக்கியிருக்கலாம்.

5. மோட்டார் விரைவாகச் சுழல்கிறது. எஞ்சின் புறப்படவில்லை: தொடக்கச் சுற்றில் குறையில்லை. பிளக்கின் தீப்பொறி, பழைய பெட்ரோல், எரிபொருள் பம்பு ஆகியவற்றின் பக்கம் கவனத்தைத் திருப்ப வேண்டும்.

ஏமாற்றும் இணைப்பு

இரண்டாவது அறிகுறியில்தான் தவறான முடிவுகள் மிகுதி. புதிய பேட்டரி பொருத்தியும் வண்டி புறப்படாமை இதனால் நேர்வதே. ஓர் இணைப்பில் களிம்பினால் 0.05 ஓம் தடை உண்டாகியுள்ளதெனக் கொள்வோம். 1 ஆம்பியர் மட்டுமே கோரும் சிறு விளக்குக்கு இது 0.05 வோல்ட் இழப்பு; கண்ணுக்கே தெரியாது. 60 ஆம்பியர் கோரும் தொடக்க மோட்டாருக்கோ 3 வோல்ட் பறிபோகிறது. விளக்கு எரிவதால் மட்டும் இணைப்பு நன்றாயுள்ளது எனக் கொள்ளலாகாது என்பது இதனால் விளங்கும்.

இதனைக் கண்டறிதல் எளிது. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும், மற்றொன்றை எஞ்சினின் வண்ணமற்ற உலோகப் பகுதியிலும் வைத்துப் பொத்தானை அழுத்த வேண்டும். அரை வோல்ட்டோ அதற்கு மேலோ காட்டினால் எர்த் இணைப்பைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிப் பூட்ட வேண்டும். செலவு ஒரு துண்டு உப்புத்தாள் மட்டுமே.

மின்னூட்டும்போது கவனம்

பேட்டரியின் ஆம்பியர் மணித் திறனில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில் ஊட்டுவது நலம். 5 ஆம்பியர் மணி பேட்டரிக்கு அரை ஆம்பியர். அப்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படுமாதலால் காற்றோட்டம் வேண்டும், தீ கூடாது. உறைந்த பேட்டரிக்கு மின்னூட்டவே கூடாது. கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், பூட்டும்போது அதைக் கடைசியிலும் கையாள வேண்டும். வண்டி புறப்பட்ட பின், எஞ்சின் மிதவேகத்தில் சுழலும்போது 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருப்பின் மின்னூட்டச் சுற்றும் செவ்வையாக உள்ளது எனலாம்.

முன்னிலும் கூடிய தேவை

முற்காலத்தில் பேட்டரி செத்தாலும் கிக் லீவரை மிதித்து வண்டியைக் கிளப்ப முடிந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதிமுறை நடைமுறைக்கு வந்தபின், புதிய வண்டிகள் பெரும்பாலானவற்றில் எரிபொருளை மின்கருவியே செலுத்துகிறது. பலவற்றில் கிக் லீவரும் இல்லை. புகையைக் குறைத்த இம்முன்னேற்றம், பேட்டரியின் பராமரிப்பை முன்னிலும் இன்றியமையாததாக்கிவிட்டது.

அலுவலக வண்டிகளைப் பொறுத்தவரை இரண்டு வழக்கங்கள் போதுமானவை. ஒரு மாதத்துக்கு மேல் வண்டி நிற்குமெனில் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி வைத்து, மாதம் ஒருமுறை மின்னூட்ட வேண்டும். வண்டிப் பதிவேட்டில் தேதியும் மின்னழுத்தமும் குறிக்க ஒரு பத்தி சேர்க்க வேண்டும். உண்மையிலேயே பயனற்றுப்போன பேட்டரியை 2022 ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளுக்கு இணங்க, மறுசுழற்சிக்குச் சேரும் வழியில் ஒப்படைக்க வேண்டும். ஈயம் மண்ணில் கலந்தால் நஞ்சு, மீட்டெடுத்தால் செல்வம்.

மாற்றுப் பாகம் கேட்டு எழுதும் ஒவ்வொரு குறிப்பிலும், அதற்கு முன் எடுத்த அளவீடு இடம்பெறுதல் நலம். அவ்வாறு செய்தால் வீண் செலவு குறையும். அதனினும் மேலாக, காலையில் தடுப்பூசிப் பெட்டியுடன் புறப்படும் ஊழியர் தம்மை எதிர்பார்த்திருக்கும் ஊருக்கு அன்றே சென்று சேர்வார்.