கத்தி, அரிவாள் உறைகளுக்கேற்ற பிளாஸ்டிக் தகடு

விவசாயத்தில் தினந்தோறும் கையாளப்படும் கருவிகளுள் அரிவாளும் கத்தியும் முக்கியமானவை. அவற்றைத் தீட்டுவதில் செலுத்தும் கவனத்தில் ஒரு சிறு பங்கேனும் அவற்றை எடுத்துச் செல்லும் விதத்தில் பலர் செலுத்துவதில்லை. தீட்டிய அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு வரப்பில் நடப்பதும், சாக்கில் சுற்றி வண்டியில் வைப்பதும் எங்கும் காணக்கூடிய வழக்கங்களே. ஈர வரப்பில் கால் வழுக்கினால் கத்தியின் வாய் தொடையில் பாய்வதற்கு ஒரு நொடி போதும். தொடையின் பெரிய இரத்தக்குழாய் அறுபட்டால் சில நிமிஷங்களில் உயிருக்கே ஆபத்து நேரும். பனையேறும் தொழிலாளிகள் தொன்றுதொட்டு அரிவாளைப் பெட்டியிலிட்டு இடுப்பில் கட்டிக்கொள்ளும் வழக்கம், நம் முன்னோர் இவ்வபாயத்தை நன்கு உணர்ந்திருந்தனர் என்பதற்கு அத்தாட்சியாகும்.

தோலுறை பார்வைக்கு நன்று. ஆனால் அது மழைநீரையும் வியர்வையையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஆகையால் அதனுள் நெடுநாள் கிடக்கும் இரும்பு துருப்பிடிக்கும். உஷ்ணத்தால் இளகி, ஆறியபின் இறுகும் பிளாஸ்டிக் தகட்டால் செய்த உறைக்கு இக்குறை இல்லை. அது நீரை உறிஞ்சாது, கழுவினால் சுத்தமாகும், கத்தியின் வடிவத்திற்கு இணங்கிப் பிடித்துக்கொள்ளும். ஆயினும் பிளாஸ்டிக் என்ற பெயருள்ள தகடுகள் யாவும் இவ்வேலைக்கு ஏற்றவையல்ல. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை இங்கு விளக்குவோம்.

தகட்டுக்கு வேண்டிய குணங்கள்

முதலாவது, தகடு இளகும் உஷ்ணத்திற்கும் அது கெட்டுப்போகும் உஷ்ணத்திற்கும் இடையே போதிய இடைவெளி இருக்கவேண்டும். இவ்விடைவெளி குறுகியதாயின் பழக்கமில்லாதவர் கையில் தகடு வீணாகும். இரண்டாவது, வெயிலில் கிடந்தாலும் அது இளகலாகாது. வெயிலில் நிறுத்திய மோட்டார் வண்டியின் முன்கண்ணாடியருகே உஷ்ணம் 70 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் ஏறக்கூடும். மூன்றாவது, கீழே விழுந்தாலும், ஆணியடித்த துளையிலும், அது விரிசல் காணலாகாது.

தகடுகளின் வகைகள்

இம்மூன்று குணங்களும் ஒருங்கே அமைந்தது அக்ரிலிக்கும் பி.வி.சி.யும் கலந்த தகடாகும். இது 1960-களில் அமெரிக்காவில் ரோம் அண்டு ஹாஸ் கம்பெனியாரால் ஆகாய விமானங்களின் உட்புற வேலைகளுக்கென்று தயாரிக்கப்பட்டது. 'கைடெக்ஸ்' என்ற பெயரால் அறியப்படுவது. 'போல்ட்டரான்' என்பதும் இவ்வினத்தைச் சேர்ந்தது. ஏறக்குறைய 165 டிகிரி முதல் 200 டிகிரி சென்டிகிரேடு வரை இதனை உருவாக்கலாம். உருவம் தவறினால் மீண்டும் சூடாக்க, தகடு பெரும்பாலும் பழைய தட்டை நிலைக்கே திரும்பும். ஆகவே முதல் முயற்சியில் பிழை நேர்ந்தாலும் பொருள் நஷ்டமாவதில்லை.

இதற்கு அடுத்தபடி, செலவு குறைந்தது, நீர்ப்பாசனத்திற்கு உபயோகிக்கும் கடினமான பி.வி.சி. குழாய். அதனை நெடுகப் பிளந்து சூடாக்கி விரித்தால் தகடாகும். இது சுமார் 80 டிகிரியிலேயே இளகத் தொடங்குமாதலால் இவ்வுறையை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விடலாகாது. நிழலிலும் இடுப்பிலும் இருக்கும் உறைக்கு இது போதும். ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது: பழைய குழாய்களில் ஈயச் சேர்க்கை இருக்கக்கூடும். குழாய்களில் ஈயச் சேர்க்கையைக் கட்டுப்படுத்தும் விதிகளை இந்திய அரசாங்கம் 2021-ல் வெளியிட்டது. ஆதலால் பழைய குழாயை அரம்பத்தால் அறுக்கும்போது எழும் தூளைச் சுவாசியாதிருக்கவேண்டும். வேலை முடிந்தபின் கைகளைக் கழுவவேண்டும்.

தண்ணீர்த் தொட்டிகளுக்கும் பீப்பாய்களுக்கும் உபயோகிக்கும் பாலிஎத்திலீன் அடிபட்டாலும் உடையாது. ஆனால் சூடாக்கி ஆறும்போது மிகவும் சுருங்கிக் கோணலாகும், பசையும் ஒட்டாது. ஏ.பி.எஸ். என்னும் தகடு எளிதில் உருக்கொள்ளும். எனினும் பாதுகாப்புச் சேர்க்கை இல்லாவிடில் வெயிலில் நாளடைவில் நொறுங்கும் தன்மை அடையும். பாலிகார்பனேட் மிக உறுதியானதே. ஆனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சியிருப்பதால், பல மணி நேரம் உலர்த்தாமல் சூடாக்கினால் கொப்புளம் காணும். தனி அக்ரிலிக் கண்ணாடித் தகடு துளையிட்ட இடத்திலே பிளக்கும். அதனை விலக்குவது நலம்.

அடையாளம் காணும் முறை

கடையில் பெயர் தெரியாத தகடு கிடைத்தால் ஒரு சிறு துண்டை நீரில் இடுக. மிதந்தால் அது பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரோப்பிலீன் ஆகும், வாங்கவேண்டாம். அமிழ்ந்தால் ஒரு முனையை இடுக்கியால் பிடித்து மெதுவாக வளைத்துப் பார்க்கவும். சட்டென்று முறிந்தால் உறைக்கு உதவாது. முறியாமல் வளைந்து, வளைவில் வெண்மை படர்ந்தால் மேற்கொண்டு சூடாக்கிப் பரிசோதிக்கலாம்.

கனமும் வடிவமும்

ஒட்டுக் கத்தி போன்ற சிறு கத்திக்கு 1.5 மில்லிமீட்டர் கனமும், சாதாரணக் கத்திக்கும் கவாத்துக் கத்தரிக்கும் 2 மில்லிமீட்டரும், கனத்த வெட்டரிவாளுக்கு 2.4 முதல் 3 மில்லிமீட்டர் வரையிலும் பொருத்தமாகும். மெல்லிய தகடு விலை குறைவென்று கனத்த அரிவாளுக்கு அதை வாங்குவது சிக்கனமன்று. அதன் பிடிப்பு விரைவில் தளர்ந்து அரிவாள் நழுவும்.

நேரான கத்திக்குத் தகட்டை ஒருமுறை மடித்து ஓரத்தில் ஆணியடிக்கலாம். அல்லது இரு தகடுகளை இருபுறமும் பொருத்தலாம். வளைந்த அரிவாளுக்கு இம்முறைகள் ஏலா. முழுதும் மூடிய உறையினின்றும் வளைந்த அலகை உருவ முடியாது. அதற்கு முதுகுப்புறம் திறந்து, வாயை மட்டும் மூடும் உறை செய்து, வாரினால் கட்டவேண்டும். கவாத்துக் கத்தரிக்கு நுனி மூடி மேல்பக்கம் திறந்த கூடுறையே போதுமானது.

செய்முறையில் கவனிக்கவேண்டியவை

கத்தியின் வாயை நாடாவால் இரண்டு சுற்று மூடி, அதன்மேல் இளகிய தகட்டை வைத்து, இருபுறமும் நுரை ரப்பர் வைத்த பலகைகளால் இறுக்கி, முற்றிலும் ஆறும்வரை விடவேண்டும். பிறகு நாடாவை எடுத்துவிட்டால் வாய் உறையில் உரசாதிருக்க இடம் கிடைக்கும். அடிப்பாகத்தில் ஒரு துளை அவசியம். நீரும் மண்ணும் அதன் வழியே வெளியேறும். மண் தங்கினால் ஒவ்வொரு முறை உருவும்போதும் வாய் மழுங்கும்.

தகட்டை நேரடி நெருப்பில் காட்டலாகாது. சமையலுக்கு உபயோகிக்கும் அடுப்பிலும் வைக்கலாகாது. உஷ்ணமானி வைத்த தனி மின்சார அடுப்பு வேண்டும். கதவு, ஜன்னல்கள் திறந்திருக்கவேண்டும். பி.வி.சி. கலந்த தகடு அதிகமாகச் சூடேறிக் கருகினால் ஹைட்ரோகுளோரிக் அமில வாயு வெளிப்படும். அது நுரையீரலை அரிப்பதோடு அருகிலுள்ள இரும்பையும் துருப்பிடிக்கச் செய்யும். தகட்டில் கொப்புளம் கண்டவுடன் அடுப்பை நிறுத்தி வெளியேறுக.

முடிவுரை

சுருங்கக் கூறின், வெயிலிலும் மழையிலும் உழைக்கும் உறைக்கு அக்ரிலிக்-பி.வி.சி. கலப்புத் தகடே முதன்மையானது. சிக்கனம் வேண்டுவோர்க்குக் கடினக் குழாய். மிதக்கும் தகடும் முறியும் தகடும் வேண்டா. ஈரக் கத்தியை எந்த உறையிலிட்டாலும் துருவேறுமாகையால், துடைத்து எண்ணெய் தடவி வைக்கும் வழக்கத்தையும் விடலாகாது.

அறுவடைக்கு ஆட்களை அமர்த்தும் நிலச்சுவான்தார்கள், அரிவாளைக் கொடுப்பதோடு உறையையும் சேர்த்துக் கொடுப்பார்களாயின் அது தருமமும் ஆகும்; ஆதாயமும் ஆகும். வெட்டுக்காயத்தால் ஓர் ஆள் அறுவடைக் காலத்தில் படுக்கையில் கிடக்கும் நஷ்டத்தோடு ஒப்பிட்டால் ஓர் உறையின் செலவு அற்பமே. ஊருக்கு ஒரு மின்சார அடுப்பும் இரண்டு பலகைகளும் இருந்தால் உள்ளூர்க் கொல்லரோ தச்சரோ இவ்வேலையை எளிதில் கற்றுக்கொள்வர். கிராம அலுவலர்கள் இதில் சிரத்தை எடுத்துக்கொள்வார்களாயின், தீட்டிய அரிவாளை வெறுமையாக இடுப்பில் செருகும் பழக்கம் நம் கிராமங்களை விட்டு அகலுமென்பது திண்ணம்.