சுரத்தின் தலையில் ஒரு புள்ளி

சங்கீதத்தைத் தமிழில் தட்டச்சு செய்ய உட்கார்ந்தால் முதலில் வழிமறிப்பது மேல் ஸட்ஜம். ஸ என்ற எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால் தார ஸ்தாயி, காலடியில் வைத்தால் மந்த்ர ஸ்தாயி. தெலுங்கில் இதனால் ஒரு குழப்பமும் இல்லை. தமிழிலோ தலைப்புள்ளி என்பது மெய்யெழுத்தின் அடையாளம். தாளில் இரண்டும் ஒரே புள்ளிதான். கணினியின் உள்ளே அவை வெவ்வேறு குறிகள்.

கல்லிடைக்குறிச்சியில் இந்த வேலைக்குப் பஞ்சமே இல்லை. அம்பி தீட்சிதரிடம் பாடம் கேட்ட அனந்தகிருஷ்ண ஐயர், வேதாந்த பாகவதர், முத்துஸ்வாமி தீட்சிதரின் கீர்த்தனைகளைச் சுரக்குறிப்புடன் பகுதி பகுதியாகத் தமிழில் அச்சிட்ட சுந்தரம் ஐயர் என்று இந்த ஊர்ப் பெயரைச் சுமந்தவர்கள் தீட்சிதர் பாட்டை வாழவைத்தவர்கள். அவர்கள் வழிப் பாடம் கையெழுத்து நோட்டுகளாக வீடுகளில் இன்னும் இருக்கிறது. அப்படிப்பட்ட நோட்டுகளைக் கணினியில் ஏற்றித் தருவதைச் சில காலமாகச் செய்து வருகிறேன். நோட்டைக் கையில் கொடுக்கும்போது ஒரு மாமி சொன்னார்: "புள்ளி, கோடு ஒண்ணையும் விட்டுடாதேம்மா. அதுலதான் பாட்டே இருக்கு." அவர் சொன்னது அப்படியே உண்மை. எழுத்து பிழையானால் பாடுகிறவர் ஊகித்துத் திருத்திக்கொள்வார். புள்ளி போனால் சுரமே ஒரு ஸ்தாயி மாறிவிடும்.

மேல் ஸட்ஜத்துக்கு ஸ் என்று மெய்யெழுத்தையே அடித்துவிடுவதுதான் பலருடைய வழக்கம். பார்வைக்குச் சரியாகவே இருக்கும். ஆனால் மேல் ரிஷபம் வந்ததும் கதை மாறும். ரி-யின் மேல் மெய்ப்புள்ளி வைக்க முயன்றால் எழுத்துக்குப் பக்கத்தில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் முளைக்கும். உயிர்மெய்யின் மேல் மெய்ப்புள்ளி வராது என்பது கணினிக்கு விதி. சாகித்ய வரியில் உண்மையான ஸ் நிறைய உண்டு. பிறகு ஏதாவது தேடி மாற்றப் போனால் சுரமும் சொல்லும் ஒன்றாகக் கலந்துவிடும். அதனால் வேர்டில் எழுத்தை அடித்து, இடைவெளி விடாமல் 0307 என்று தட்டி, ஆல்ட்டை அழுத்திக்கொண்டு எக்ஸ் விசையைத் தட்டுங்கள். எண் மறைந்து தலையில் புள்ளி உட்காரும். கீழ்ப்புள்ளிக்கு 0323. லிப்ரே ஆபீஸிலும் இதே முறைதான். தமிழ் விசைப்பலகை இயங்கும்போது சில கணினிகள் இந்த விசைக்குப் பணிவதில்லை. ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டுத் தட்டினால் சரியாகிவிடும். எழுத்துருவையும் முதலிலேயே சோதித்துவிட வேண்டும். ஏழு சுரங்களையும் மேலும் கீழும் புள்ளியிட்டு ஒரு வரி அடித்துப் பாருங்கள். புள்ளி ஒதுங்கி நிற்கும் எழுத்துருவை அப்போதே ஒதுக்கிவிடலாம்.

சாகித்யத்தில் வேறு வகைச் சங்கடம். தீட்சிதரின் கீர்த்தனைகள் பெரும்பாலும் சமஸ்கிருதம். தமிழின் ஒற்றைக் ககரம் அங்கே நான்கு ஒலிகளுக்கு வேலை செய்ய வேண்டும். பாட்டுப் புத்தகங்கள் எழுத்தின் தோளில் 2, 3, 4 என்று சிறிய எண் போட்டு இதைத் தீர்த்தன. தீட்சிதரின் முத்திரையான கு³ருகு³ஹ என்பதில் வரும் 3 அதுதான். இந்த எண்ணைச் சாதாரண 3 ஆக அடித்து, வேர்டின் மேலெழுத்துப் பொத்தானால் தூக்கி வைப்பது சுலபம். அப்படிச் செய்யாதீர்கள். அது வெறும் அலங்காரம். வாட்ஸாப்பில் ஒட்டியதும் அலங்காரம் கழன்று 'கு3ருகு3ஹ' என்று நிற்கும். பிறவியிலேயே சிறியதான எண்ணெழுத்துகள் தனியாக இருக்கின்றன. அவை எங்கே போனாலும் சிறியதாகவே இருக்கும். விண்டோஸில் ஆல்ட்டை அழுத்தியபடி வலப்பக்க எண் பலகையில் 0178 அடித்தால் ², 0179 அடித்தால் ³. மேல்வரிசை எண்கள் இதற்கு உதவா. எண் பலகை இல்லாத மடிக்கணினியில் இந்த வழி இல்லை. நான்குக்கு 2074 அடித்து ஆல்ட், எக்ஸ். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் அடித்துப் பாருங்கள். பல எழுத்துருக்களில் ² ³ இருக்கும், ⁴ இருக்காது. கணினி அதை வேறொரு எழுத்துருவிலிருந்து கடன் வாங்கும், அது மட்டும் பருத்தோ மெலிந்தோ தெரியும்.

எண் எங்கே நிற்க வேண்டும் என்பதிலும் கவனம் வேண்டும். எண் குறிப்பது மெய்யின் ஒலியைத்தான் என்றாலும், உயிர்க்குறி முடிந்த பிறகே எண் வர வேண்டும்: பா⁴வ, தே³வி, போ⁴க³. பகரத்துக்கும் துணைக்காலுக்கும் நடுவில் எண்ணைச் செருகினால் மறுபடி அந்தப் புள்ளி வட்டம் வந்துவிடும்.

ஒவ்வொரு எண்ணுக்கும் இத்தனை விசை தட்டினால் ஒரு பல்லவி முடிவதற்குள் விரல் சோர்ந்துவிடும். எனக்கு மிகவும் கைகொடுத்த வழி இதுதான். அடிக்கும்போது கு#3ருகு#3ஹ என்று வேகமாக அடித்துக்கொண்டே போவேன். பாட்டு முழுதும் முடிந்ததும் 'தேடி மாற்று' வசதியில் #2, #3, #4 மூன்றையும் ஒரேயடியாக ² ³ ⁴ ஆக்கிவிடுவேன். ரி₁, ரி₂ போன்ற சுர பேதங்களுக்கு _1, _2. கீழெண்களின் குறியீடு 2081-இல் தொடங்குகிறது. தொப்பிக் குறியை மட்டும் அடையாளமாக வைக்காதீர்கள், வேர்டின் தேடலில் அதற்குத் தனி அர்த்தம் உண்டு. தானியங்கித் திருத்தத்தை நம்பியும் பயனில்லை. அது சொல் முடியும் இடத்தில்தான் விழிக்கும்; நமக்கு வேண்டிய எண்ணோ சொல்லின் நடுவில் இருக்கிறது.

கமகக் குறிகளை விட்டுவிடலாம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அம்பி தீட்சிதரின் தந்தை சுப்பராம தீட்சிதர் 1904-இல் எட்டயபுரத்தில் 'சங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி'யை வெளியிட்டபோது ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு குறி வகுத்தார். அதன் அருமை பாடிப் பார்த்தால்தான் தெரியும். அவற்றில் பலவற்றுக்கு இன்று கணக்குப் பாடத்திலிருந்தே குறிகள் கிடைக்கின்றன. ஸ்புரிதத்துக்கு ∴ என்ற முப்புள்ளி, குறியீடு 2234. ப்ரத்யாகாதத்துக்கு அதன் தலைகீழ் ∵, 2235. ரவைக்கு ∧, 2227. வளிக்கு ⌒, 2312. ஏற்ற ஜாருவும் இறக்க ஜாருவும் விசைப்பலகையிலேயே சாய்கோடுகளாக இருக்கின்றன. எந்தக் குறி எதற்கு என்று முதல் பக்கத்தில் ஒரு சிறு அட்டவணை போட்டுவிட்டால் நோட்டு எவர் கைக்குப் போனாலும் பேசும்.

தாளக் கோட்டுக்கு என்டர் விசைக்கு மேலே உள்ள நெடுங்கோட்டைப் பயன்படுத்துங்கள், ஆங்கில எழுத்து எதுவும் வேண்டாம். காற்புள்ளிக்குப் பின் தானாக இடைவெளி விடும் வசதியை அணைத்துவிடுங்கள். இங்கே காற்புள்ளி ஒரு கால அளவு.

பாட்டு வரிசைப் பட்டியல் போடும்போது இன்னொன்று தெரியவந்தது. இந்த ஊர் ஆதிவராகப் பெருமாளைப் பாடுவதாகக் கொள்ளப்படும் ஆபோகி ராகக் கீர்த்தனை 'ஸ்ரீ லக்ஷ்மி வராஹம்'. அதைத் தேடினால் ஒரு கோப்பில் கிடைக்கும், இன்னொன்றில் கிடைக்காது. காரணம், ஸ்ரீ என்ற வடிவத்தை இரண்டு விதமாக உருவாக்கலாம்: ஸகரத்தில் தொடங்கி ஒன்று, 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கி மற்றொன்று. திரையில் பெரும்பாலும் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கணினி வேறு வேறாகவே எண்ணும். தீட்சிதர் கீர்த்தனைகளில் ஸ்ரீ என்று தொடங்குபவை ஏராளம் என்பதால் பட்டியல் இரண்டாகப் பிளந்துபோகும். ஏதாவது ஒன்றைத் தேர்ந்து, எல்லாவற்றையும் அதற்கே மாற்றிவிடுங்கள். ராகப் பெயர்களில் கௌளையும் அப்படித்தான். ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்த்து அடித்த 'கெளளை' கண்ணை ஏமாற்றும், தேடலை ஏமாற்றாது. விசைப்பலகையில் ஔகாரக் குறிக்கென்றே உள்ள விசையைப் பழகிக்கொள்வது நல்லது.

முடித்ததை அனுப்பும்போது பிடிஎஃப் ஒன்றும், திருத்தக்கூடிய மூலக் கோப்பு ஒன்றும் சேர்த்தே கொடுங்கள். பிடிஎஃப் எழுத்துருவைத் தன்னுள் சுமந்து செல்வதால் புள்ளி இடம் மாறாது. மூலக் கோப்பு இருந்தால்தான் நாளை இன்னொரு பாடாந்தரத்தை அடுத்த வரியில் சேர்க்க முடியும். அனுப்புவதற்கு முன் உங்கள் கைபேசியில் திறந்து, மேல் ஸட்ஜத்தையும் ஒரு ⁴-ஐயும் பார்த்துவிடுங்கள்.