விண்ணோக்குக் கூடத்தின் அடித்தளமும் ஈரத்தடுப்பும்

தொலைநோக்கியைப் பற்றி எழுதுவோர் கண்ணாடியின் நுண்மையையும் குழலின் அமைப்பையும் விரித்துரைப்பர். அது நிற்கும் தரையைப் பற்றி ஒரு வரியும் எழுதார். வீட்டுத் தோட்டத்திலோ பள்ளி வளாகத்திலோ எழுப்பப்படும் சிறு கூடம் இரண்டாம் மழைக்காலத்திலேயே கைவிடப்படுமாயின், கூரையைக் குறைகூறுமுன் அடித்தளத்தை ஆராய்தல் நன்று.

சென்னை நுங்கம்பாக்கத்தில் மைக்கேல் டாப்பிங் அமைத்த வானாய்வுக் கூடம் 1792-இல் முற்றுப்பெற்றது. அதன் கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் சுமார் 15 அடி உயரமும் 10 டன் எடையும் உடையது. கூடம் நிறுவப்பட்ட செய்தி தமிழிலும் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. வானாய்வுப் பணியின் பெரும்பகுதி 1899-இல் கோடைக்கானலுக்கு மாறிற்று. கட்டடமும் அழிந்துபட்டது. தூண் மட்டும் இன்றும் நிற்கின்றது.

கொள்ளேகாலத்திலிருந்து மாதேசுவரன் மலைக்குச் செல்லும் வழியிலுள்ள கௌதள்ளி போன்ற ஊர்களில் இருபருவ மழையும் உண்டு. அங்கு ஓர் ஆசிரியர் தம் பள்ளிக்கெனக் கூடம் அமைக்க விரும்பினால், முதலில் அவர் மனத்திற் கொள்ளவேண்டியது யாதெனில், தூணும் தரையும் ஒன்றையொன்று தொடலாகாது என்பதே. (தம்பம், பீடம் என்றெல்லாம் எழுதிப் பார்த்தேன், கொத்தனாருக்குக் கேட்டவுடன் விளங்குவது தூண் என்னும் சொல்லே.) தரையில் ஒருவர் அடியெடுத்து வைக்கும் அதிர்வு தூணை எட்டுமாயின், 200 மடங்கு பெருக்கத்தில் வியாழன் நடனமாடும். ஆதலின் தூணுக்குத் தனிக் கடைக்கால் தோண்டி, அதனைச் சுற்றி 1 அல்லது 2 சென்டிமீட்டர் இடைவெளி விடுதல் மரபு.

இந்த இடைவெளியே ஈரத்திற்கு வாயிலாகின்றது. மண்ணிலுள்ள நீராவி அதன் வழியே எழுந்து கூடத்தினுள் தங்கும். இதற்கு அஞ்சிச் சாந்து பூசி அடைப்போர் உளர். அடைத்தால் தூணைப் பிரித்துக் கட்டியதன் பயனே போயிற்று. தூணில் மட்டும் கட்டப்பட்ட ரப்பர் விரிப்பொன்றைக் குடைபோலத் தரையின் விளிம்பின்மேல் தளர்வாகப் படியவிடுவதே தக்கது.

கான்கிரீட் நீர் புகாப் பொருள் என்பது பலர் கொண்டுள்ள தவறான எண்ணம். நுண்துளைகள் வழியே நீர் மேலேறும், செங்கல்லிலும் அவ்வாறே. எனவே தளத்தின் கீழ் மணல் பரப்பி, அதன்மேல் தடித்த பாலிதீன் தாளை ஓரங்கள் ஒன்றின்மேல் ஒன்று படிய விரித்து, பின்னரே கான்கிரீட் இடல் வேண்டும். தளம் சுற்றுநிலத்தினும் ஓர் அடியேனும் உயர்ந்திருத்தல் நலம்.

இனி, சுவர் தளத்தில் அமரும் இடம். தளம் சுவரைக் கடந்து வெளியே நீண்டிருப்பின், சுவரில் வழியும் மழைநீர் அந்த விளிம்பில் தேங்கி, அடிச்சட்டத்தின் கீழே உள்ளே புகும். எத்துணைப் பசை பூசினும் இப்பிழை தீராது. தளம் சுவரின் அளவோடு நின்று, வெளித்தகடு தளத்தின் விளிம்புக்குக் கீழே இரண்டு மூன்று அங்குலம் இறங்கினால், நீர் வெளியே சொட்டிவிடும். முன்பே நீண்டுவிட்ட தளமாயின், விளிம்பை வெளிப்புறம் சரியுமாறு சாந்தால் திருத்துக. அடைப்புப் பசையைச் சட்டத்தின் வெளிப்புறத்தில் மட்டும் இடுக; உட்புறமும் அடைத்தால், எவ்வாறோ புகுந்த நீர் வெளியேற வழியின்றி மரச்சட்டத்தை உளுத்துப்போகச் செய்யும். மரச்சட்டத்திற்கும் கான்கிரீட்டிற்கும் இடையே தார்த்தாள் ஒன்று இருத்தல் இன்றியமையாதது.

இத்தனையும் எதற்கெனில், ஈரக்காற்று நெடுநாள் தங்கினால் கண்ணாடியில் பூஞ்சணம் படரும். அது மேற்பூச்சை அரித்துவிட்டால் துடைப்பதால் மீளாது. ஊராரிடம் நிதி திரட்டி வாங்கிய கருவியாயின், மீண்டும் கேட்பது எளிதன்று.

தளம் உலர்ந்ததா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. ஒன்றரை அடிச் சதுரப் பாலிதீன் தாளைத் தரையில் பரப்பி, நான்கு ஓரங்களையும் ஒட்டி, ஒரு நாள் கழித்து எடுத்துப் பாருங்கள். தாளின் அடியில் நீர்த்துளி காணப்பட்டால், தொலைநோக்கி இன்னும் சில வாரம் பெட்டியிலேயே இருக்கட்டும்.