அரிசி ஆலைக் கழிவுகளைக் கணினியிற் கணக்கு வைத்தல்

நெல்லின் நிறையில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு உமியாகும். நாளொன்றுக்கு 10 மெற்றிக் தொன் நெல் குற்றும் ஆலையிலே 2,000 கிலோகிராம் உமி சேரும். தளர்வாய்க் குவித்த உமி கன மீற்றருக்கு 100 கிலோகிராம் அளவே நிறையுடையதாகையால், அதனை வைப்பதற்கு நாடோறும் 20 கன மீற்றர் இடம் வேண்டும். இடம் போதாதபோது உமி வாய்க்காலோரத்திற் கொட்டப்படுகின்றது. அல்லது வெளியிற் குவித்து எரிக்கப்படுகின்றது. வாய்க்கால் அடைபட்டால் இடர்ப்படுபவர் கீழ்மடைக் கமக்காரரேயாவர்.

நெல்லுக்கும் அரிசிக்கும் தவறாது கணக்கு வைக்கும் ஆலைக்காரர் உமிக்கும் சாம்பலுக்கும் அவ்வாறு வைப்பது அரிது. வைப்பினும், “உமி இரண்டு பெட்டி” என்றே எழுதுவர். உழவு இயந்திரப் பெட்டியொன்றில் ஏற்றிய காய்ந்த உமியும், மழையில் நனைந்த உமியும், சாம்பலும் ஒரே நிறையுடையனவல்ல. இத்தகைய கணக்கு கணக்கன்று.

கைத்தொழிற் கழிவுகளைப் பதிந்து பின்தொடர்வதற்கென மென்பொருள்கள் இன்று உள்ளன. தராசிலே நிறுத்தவுடன் கழிவின் வகை, நிறை, திகதி, வாகன இலக்கம், பெறுபவர் ஆகியன கணினியிலோ கைத்தொலைபேசியிலோ பதியப்படும். ஒவ்வொரு தொகுதிக்கும் ஓர் இலக்கம் இடப்படும். நல்ல மென்பொருளில் ஒருமுறை பதிந்ததை அழித்தல் இயலாது. பிழையாயின் திருத்தத்தை வேறாகப் பதிதல் வேண்டும். திருத்தியவர் பெயரும் நேரமும் உடன் நிற்கும்.

இதன் பயனை ஓர் உதாரணத்தால் அறியலாம். மேற்கூறிய 2,000 கிலோகிராம் உமியில் 1,300 கொதிகலனுக்கும் 600 செங்கற்சூளைக்கும் சென்றனவாயின், முற்றத்தில் 100 இருத்தல் வேண்டும். இல்லையெனின் அது பதியப்படாமல் வெளியேறியிருக்கின்றது. எரிந்த உமியில் ஐந்திலொரு பங்களவு சாம்பலாக எஞ்சும். எனவே 1,300 கிலோகிராமிலிருந்து 260 கிலோகிராம் சாம்பல் எதிர்பார்க்கப்படும். பதிவில் 150 மாத்திரம் காணப்படுமாயின், எஞ்சிய 110 அடுப்பிலே தங்கியதா, கழுவுநீரோடு வடிகாலிற் சேர்ந்ததா என்பதைக் கணினி அறியாது. குறைவைக் காட்டுதல் மாத்திரமே அதன் வேலை. அடுப்பையும் வடிகாலையும் போய்ப் பார்ப்பவர் மனிதரே. பார்ப்பவரில்லாத ஆலைக்கு இம்மென்பொருள் வீண்செலவாகும்.

தொகுதி இலக்கம் கமக்காரருக்கே பெரிதும் உதவும். உமிச்சாம்பலின் பெரும்பகுதி சிலிக்காவாகும். நெற்பயிர் சிலிக்கனை உறிஞ்சி இலையை உறுதிப்படுத்துவதால் எரிபந்த நோயின் தாக்கம் குறையும். ஆயினும் எல்லாச் சாம்பலும் ஒன்றன்று. குறைந்த வெப்பத்தில் அரைகுறையாய் எரிந்த கருஞ்சாம்பலிலுள்ள சிலிக்கா பயிருக்கு எளிதிற் கிடைக்கும். மிகுந்த வெப்பத்தில் எரிந்து பளிங்குருப் பெற்றது எளிதிற் கரையாது. உமியோடு வர்ணம் பூசிய பலகையையும் பிளாஸ்ரிக் பைகளையும் எரித்த அடுப்பின் சாம்பலில் ஈயம் போன்ற பார உலோகங்கள் இருத்தல் கூடும். அது வயலுக்கு ஆகாது. எந்த அடுப்பு, எந்த நாள், உடன் எரித்தவை யாவை என்பன தொகுதி இலக்கத்தோடு பதியப்பட்டிருப்பின், ஐயம் எழுந்தபோது அத்தொகுதி எந்தெந்த வயல்களுக்குச் சென்றதென உடனே அறியலாம். இலக்கமின்றிக் கலந்து குவித்த சாம்பலில் இது முடியாது.

புழுங்கல் ஆலைகளில் நெல் ஊறிய நீரையும் தொட்டியளவால் நாடோறும் பதிதல் வேண்டும். இயந்திரங்களிலிருந்து வடித்த கழிவு எண்ணெயை ஒருபோதும் உமியோடு கலத்தலாகாது. அதற்குத் தனிப்பதிவு வேண்டும். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்தின்கீழ் 2008இல் வெளிவந்த ஒழுங்குவிதிகள், அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவுகளைச் சேர்த்தல், கொண்டுசெல்லல், களஞ்சியப்படுத்தல் ஆகியவற்றுக்கு உரிமப்பத்திரம் வேண்டுமென விதிக்கின்றன.

தொடங்க விரும்பும் ஆலைக்காரர் மென்பொருள் வாங்குமுன் ஒரு மாதம் ஒவ்வொரு பெட்டியையும் வெறுமையாகவும் ஏற்றியும் நிறுத்து, கொப்பியில் எழுதிப் பழகுதல் நன்று. சாம்பல் வாங்கும் கமக்காரர் தொகுதி இலக்கம் எழுதிய சீட்டைக் கேட்டுப் பெற்று, இட்ட வயலின் பெயரை அதன் பின்புறத்தில் குறித்து வைத்தல் வேண்டும்.